போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி

சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு. ஒரு ஆள் ஏழு மாதம் முழுசாக ஏமாந்து, ஏமாந்ததே தெரியாமல் தினமும் காலையில் பல் தேய்த்து, தலை சீவி, ஏமாறுவதற்கென்றே நேரம் தவறாமல் வந்து நின்ற கதை இது, கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ஆனால் இப்போதே சிரித்துவிட்டால் பாதி சிந்திப்போகும், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் தெருவைச் சொல்கிறேன், பிறகு விமானத்தைச் சொல்கிறேன், பிறகு குரல்களைச் சொல்கிறேன், பிறகு பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவைச் சொல்கிறேன், சிரிப்பு அதற்கும் பின்னால்தான்.

எங்கள் தெருவுக்குக் கம்பிவேலித் தெரு என்று பெயர். திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற இடத்தில் கம்பிவேலி, கம்பிவேலி முடிகிற இடத்தில் எங்கள் தெருவின் முதல் வீடு. மேலே ஏறுகிற விமானம் மொட்டைமாடிக் கொடியில் காய்கிற துணியைத் தொட்டுவிடுமோ என்று வெளியூர் விருந்தாளிகள் குனிவார்கள். நாங்கள் குனிவதில்லை, அது போகும் வரை அலமாரிப் பாத்திரங்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலையைப் பார்ப்போம். தெருவில் முப்பத்திரண்டு வீடு, அதில் இருபது வீட்டுக்கு ஒரு ஆளாவது கோலாலம்பூரில். வானத்து வழியில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

காலை எட்டு நாற்பதுக்கு இங்கே கிளம்புகிற விமானம், டிக்கெட்டில் அச்சடித்திருப்பதுபோல, மாலை மூன்று பத்துக்கு அங்கே இறங்கும். அதே விமானம் நாலு பத்துக்கு அங்கே கிளம்பி அஞ்சு நாற்பதுக்கு இங்கே இறங்கும். ஆகவே போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை எங்கள் தெரு பல வருஷமாக வைத்திருக்கிறது, ஒருவரும் அதிசயப்பட்டதில்லை. தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிற காஜா பாய், பெயரும் காஜா, தொழிலும் காஜா எடுப்பது, அவர்தான் டிக்கெட்டுகளை எல்லாருக்கும் படித்துச் சொல்பவர், அவர் சொல்வார்: "போறவனுக்கு நெஞ்சுல பாரம். பாரம் ஏத்துன வண்டி மெதுவாத்தானே போவும்? வர்றவனுக்கு என்ன பாரம், பஞ்சு மாதிரி வந்து விழுவான்."

நான் பதினொன்றாம் வகுப்பு. ஒரு சாத்துக்குடியையும் செல்போன் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைவாசலில் உட்கார்ந்து விளக்கினேன். "போகவும் நாலு மணிதான் பாய், வரவும் நாலு மணிதான். அங்க கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி முன்னாடி ஓடுது."

"முன்னாடி ஓடுதா? அப்ப இங்க கரண்டு எப்பப் போவும்னு அங்க இருக்கறவனுக்கு இப்பவே தெரியுமா? எம் மவளக் கேட்டுச் சொல்லு பெர்பெத்து, அதுக்குள்ள ரெண்டு பிளவுச முடிச்சிர்றேன்."

கூடி நின்றவர்கள் சாத்துக்குடியை உரித்து ஆளுக்கொரு சுளை தின்றுவிட்டுப் போனார்கள். கணக்கு அப்படியே இருந்தது.

குரல் முதன்முதலாகப் போனதும் காஜா பாயிடமிருந்துதான். மாசி மாதம், அவர் மகள் நூர்ஜஹான் விடுமுறைக்கு வந்து கோலாலம்பூர் திரும்பிய மூன்றாம் நாள், தையல் மிஷினுக்கு எண்ணெய் போட எண்ணெய்ப் புட்டியைத் தேடித் தேடிக் கிடைக்காமல், தலைக்கு மேலே விமானம் போவதைப் பார்த்து, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் அதனிடம் கத்தினார்: "ஏ நூர்ஜஹான், மிஷின் எண்ணெய எங்கடி வச்ச?" சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்கு விமானம் தாழ்ந்து வந்தபோது, அதன் வயிற்றிலிருந்து ஒரு குரல் கழன்று, வேப்பம்பூ உதிர்கிற மாதிரி கொஞ்சம் சுற்றிக்கொண்டே இறங்கிக் கடைக்குள் விழுந்தது: "அத்தா, கத்தரிக்கோல் டப்பாவுக்கு அடியில." பாய் டப்பாவை நகர்த்தினார், புட்டி இருந்தது, எண்ணெய் போட்டார், மிதிக்கத் தொடங்கினார். ஒரு கை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான், "ஏம்ப்பா, இப்ப யாரு பேசுனது?" என்று கேட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு இருபது மொட்டைமாடிகளிலும் ஆள் நின்றார்கள்.

குரல் விமானத்தில் ஏறுவதற்குச் சில நடைமுறைகள் இருந்தன, அவற்றைத் தெரு ஒரு வாரத்தில் கண்டுபிடித்தது. ஒரு ஆளுக்கு ஒரு மூச்சு. மூச்சு வாங்கிப் பேசுகிற இரண்டாவது வாக்கியம் பின்னால் வருகிற இன்னொரு மூச்சாகத் தனியாகப் போகும், இடம் இருந்தால் ஒட்டும், இல்லாவிட்டால் ஓடுபாதையிலேயே விழுந்து கிடக்கும், மத்தியானம் மாடு மேய்க்கிறவர்கள் கேட்டுவிட்டு வந்து சொல்வார்கள். ஆறரை மணி நேரப் பயணத்தில் கெடாத பேச்சாக இருக்க வேண்டும். "இப்பத்தான் இட்லி இறக்குறேன்" என்று சொன்னால் அது அங்கே போய்ச் சேரும்போது ஊசிப்போயிருக்கும். "உடம்பப் பாத்துக்க" எத்தனை நாளானாலும் தாங்கும். திட்டு மட்டும் சூடே குறையாமல் போய்ச் சேர்ந்தது, எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

பெரிய சிக்கல் வேறு. எங்கள் தெருப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "ஏங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் பதினாலு "ஏங்க" ஒரே விமானத்தில் போய், கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களும், பக்கத்து ஊர்க்காரன், தூரத்து ஊர்க்காரன், கல்யாணமே ஆகாதவன் உட்பட, கையில் பிசைந்த சோற்றோடு "என்ன?" என்று திரும்பினார்களாம். அதற்கு மறுநாள் கோயில் கூடத்தில் பெண்கள் கூடிப் பேசி, இனி பிள்ளை பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது, அல்லது நான் இன்னார் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். பிள்ளை இல்லாத ஒருத்தி ஆட்டுக்குட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அதுவும் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. பங்குச் சாமியார் காலைப் பூசையைக் கால் மணி நேரம் முன்னதாக்கினார். விமான நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, விசாரித்து, விமானத்தின் எடை கூடவில்லை என்று எழுதிக்கொண்டு, போகும்போது அங்கே இருக்கிற தன் மச்சானுக்கு ஒரு வார்த்தை ஏற்றிவிட்டுப் போனார்.

போன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, எல்லார் கையிலும் இருக்கிறது. போனில் எப்படி இருக்கே என்றால் நல்லா இருக்கேன் என்று முடிந்துவிடும். ஒரே ஒரு மூச்சுதான் ஏறும் என்றால் அந்த மூச்சில் எதை வைப்பது என்று முந்தின நாளே யோசிக்க வேண்டியிருந்தது. உலை கொதிக்கும்போது யோசித்தார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தார்கள், இருபது வருஷம் பேசாமல் விட்டதையெல்லாம் யோசித்து எடுத்தார்கள். காதில் வந்து விழுகிற பதில் வேறு, வீட்டு முற்றத்தில் வந்து விழுகிற பதில் வேறு. நம் முற்றத்துப் பதிலைப் பக்கத்து வீடும் கேட்கும், கேட்டுவிட்டு, "பாவம், அவனுக்கு வயித்தால போவுதாமே" என்று கஷாயத்துக்குப் பக்குவம் சொல்ல வரும்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது, இருங்கள்.

என் முழுப் பெயர் பெர்பெத்துவா. தெருவில் ரேடியோ என்பார்கள், ஏனென்றால் ஒருமுறை கேட்ட குரல் என் தொண்டையை விட்டுப் போகாது. பங்குச் சாமியார் பிரசங்கத்துக்கு முன்னால் இருமுகிற மூன்று இருமலை அப்படியே இருமுவேன், எங்கள் தலைமையாசிரியை குரலில் பக்கத்து வகுப்பை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று விமான நிலைய அறிவிப்புப் பெண்ணாக ஒரு நாள் விடிகாலை மாடியிலிருந்து பேசியதில் தெருவே வாயில் பற்பசை நுரையோடு மாடியேறி நின்றது. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அம்மாவின் குரலிலேயே "போகட்டும் விடுடி, சின்னப் புள்ள" என்றேன், அவளுக்கே யார் சொன்னது என்று ஒரு நொடி குழம்பிப்போனது.

எனக்கு ஒரே ஒரு குறை. கோலாலம்பூரில் எனக்கு யாரும் இல்லை. அப்பா பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் சைக்கிளில் வந்துவிடுகிற ஆள். இருபது மாடிகளில் ஆள் நின்று கூப்பிடும்போது நூறு குரல் வைத்திருக்கிற நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது?

இன்னொருத்தியும் வாயை மூடிக்கொண்டு நின்றாள், ஜெசிந்தா அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு இடுப்புயரச் சுவர், எங்கள் பக்கம் ஒரு கொய்யா மரம். அக்காவின் வீட்டுக்காரர் தைனிஸ் மாமா ஏசி மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோலாலம்பூர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னார். அன்றைக்கு வாசலில் நின்று, தெரு முழுக்கப் பார்க்க, அக்கா சொன்னாள்: "என்னக் கேக்காமப் போறீங்க, கேக்காமலே வாங்க. நானா வாயத் தொறந்து வான்னு கூப்பிட மாட்டேன்." மாமாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "நீயாக் கூப்பிடாம நான் வரமாட்டேன்." அவ்வளவுதான், போய்விட்டார். போன் வந்தால் அக்கா இரண்டு "ம்" போடுவாள், மூன்றாவது "ம்" போட்டால் அன்று மனசு நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். விமானம் போகும்போது அவள் துணி காயப்போட மாடிக்கு வருவாள், கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வால் மறைகிறவரை பார்ப்பாள், இறங்கிப் போய்விடுவாள்.

பங்குனியில் ஒரு நாள், அவள் இறங்கிப் போன அடுத்த நொடி, விமானம் இன்னும் தலைக்கு மேல் இருக்கும்போதே, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கொஞ்சம் மூக்கில் இழுத்து, கடைசி எழுத்தைத் தரையில் போட்டுவிடுகிற ஜெசிந்தா அக்காவின் குரலில், ஒரு மூச்சு விட்டேன்: "ஏங்க, ஜெசிந்தா பேசுறேன், சாப்ட்டீங்களா?"

விமானத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அஞ்சு நாற்பதுக்கு எங்கள் கொய்யா மரத்தில் ஒரு குரல் வந்து விழுந்தது. மாமாவின் குரல்தான், மூன்று வருஷத்தில் கொஞ்சம் தடித்திருந்தது. "சாப்பிட்டேம்மா. நீ சாப்ட்டியா?" சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மரத்தைப் பார்த்தாள், சுவருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தாள், பூனை ஒரு மீனை இழுத்துக்கொண்டு போனதைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, "ம்" என்றாள். நான் அறைக்குள் ஓடித் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்த சிரிப்பில் காது அடைத்துப்போனது.

ஒரு நாள் விளையாட்டு என்றுதான் இருந்தேன். ஆனால் மறுநாள் எட்டேகாலுக்கு அக்கா சுவரோரம் வந்து, கொய்யா இலை பறிக்கிற சாக்கில், தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "உங்க மாமாவுக்கு முதுகுவலி. ஏணியில ஏறி ஏறி எறங்குற வேல. தைலம் தேய்க்கிறாரோ என்னவோ." எனக்கு விஷயம் தானாக வந்து வாயில் விழுகிறது, விடுவேனா? எட்டு நாற்பதுக்கு: "ஏங்க, ஜெசிந்தா பேசுறேன், முதுகுக்குத் தைலம் தேய்க்கிறீங்களா?" சாயங்காலம் கொய்யா மரத்தில்: "தேய்க்கிறேம்மா. இப்பத் தேவலாம்." அதற்கடுத்த நாள் அக்கா சொன்னாள்: "அந்த ஊர்ல தெனமும் மழையாம், கொட எடுக்காம அலையுற ஆளு அவரு." சாயங்காலம் பதில் வந்தது: "வாங்கிட்டேன், கறுப்புக் கொட."

இப்படியே சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி ஆடி போனது. தினமும் எட்டேகாலுக்கு அக்காவுக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும், தினமும் அது என் காதில் விழும், தினமும் நான் தலை சீவி, பள்ளி நாளானால் சீருடையோடு, தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அதை ஒரு மூச்சாக்கி ஏற்றுவேன். அப்பாவி, என் முன்னாலேயே எல்லாவற்றையும் உளறுகிறாளே என்று எனக்குப் பாவமாகக்கூட இருக்கும். மாமாவின் பதில் எப்போதும் எங்கள் பக்கமே விழும், ஒருநாள்கூட அக்கா முற்றத்தில் விழுந்ததில்லை, காற்று அப்படி என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கேட்காததற்கும் பதில் வரும். "நல்லாப் படிக்கிறியா? பரீட்ச வருதுல்ல?" என்று ஒருநாள். அக்கா அப்போது அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், பொருத்தமாகத்தான் இருந்தது. "மழையில மாடிக்கு ஏறாதம்மா, பாசி வழுக்கும்" என்று ஒருநாள். அக்கா மேல் அவருக்கு இவ்வளவு அன்பா என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. போனில் மூன்று "ம்" நாலானது, ஒருநாள் "சரி" என்றுகூடச் சொன்னாள். நான்தானே செய்தேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். எங்கள் பாவாடைச் சட்டையில் காலர் இல்லை, இருந்தாலும்.

ஐப்பசி வந்தது. ஒரு புதன்கிழமை எட்டேகாலுக்கு அக்கா சுவரோரம் வந்தாள், இலை பறிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையோட அவரு மூணு வருசம் முடியுதாம் பெர்பெத்து. அன்னிக்கு அங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடுத்த மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம். போட்டா இருக்கலாம், போடாட்டி வந்துரணும். போன்ல சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ம்."

என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சொல்ல என்ன இருக்கிறது, அடுத்த மூச்சு என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அந்த வீடு காத்திருக்கிற ஒரே வார்த்தை. அதையும் சொல்லிவிட்டால் மாமா வந்துவிடுவார், அக்கா தான் கூப்பிடவில்லை என்கிற வீம்போடு இருக்கலாம், இவர் தன்னைக் கூப்பிட்டார்கள் என்கிற பெருமையோடு இருக்கலாம், இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கு விடுமுறை, நிஜமான விடுமுறை, நான் அறிவித்தது இல்லை. எட்டரைக்குத் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எட்டு நாற்பதுக்கு விமானம் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. மழை விட்டுத்தான் கிளம்பும், பத்து பத்து ஆகும் என்று கீழே யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். நான் ஒத்திகை பார்த்தேன். "ஏங்க" வந்தது. "ஜெசிந்தா பேசுறேன்" வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. திரும்பவும் ஆரம்பித்தேன், மூக்கில் இழுத்தேன், கடைசி எழுத்தைக் கீழே போட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, "வந்துடுங்க" மட்டும் தொண்டையில் ஏறி நாக்கு வரைக்கும் வந்து, பல்லுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அப்படி எனக்கு நடந்ததே இல்லை.

நனைந்தபடியே இறங்கிச் சுவர் தாண்டிக் குதித்து அக்கா சமையலறை வாசலில் போய் நின்றேன். அக்கா தோசைக்கல் முன்னால் நின்றிருந்தாள்.

"மொதல்ல தலையத் தொடைடி."

"அக்கா, நான் உங்க குரல்ல பேசிட்டேன்."

"எப்ப?"

"ஏழு மாசமா."

தோசையைத் திருப்பினாள். "என்னன்னு பேசுன?"

"ஏங்க, சாப்ட்டீங்களான்னு. ஏங்க, தைலம் தேச்சீங்களான்னு. ஏங்க, கொட வாங்குனீங்களான்னு. நீங்க சொல்றதெல்லாம் கேட்டு மாமாகிட்ட ஏத்திவிட்டேன். அவரு பதில் சொன்னதெல்லாம் உங்களுக்கு இல்லக்கா, எனக்கு."

"ஏங்கன்னா கூப்ட்ட?"

"ஏங்கன்னுதான்."

அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. "இன்னிக்கு வந்துடுங்கன்னு கூப்பிடலாம்னு போனேன்க்கா. வாய் வரல. சாப்ட்டீங்களான்னு யாரு கேட்டாலும் ஒண்ணுதான், சாப்பாடு உள்ள போயிரும். வான்னு கூப்புடுறது அப்புடி இல்லல்ல? வந்து எறங்குனப்பறம் கூப்பிட்டது நானுன்னு தெரிஞ்சா மாமா திரும்ப எங்க போவாரு?"

தோள் நின்றது. அக்கா திரும்பவில்லை. தோசை கருகி வாசனை வந்தது, எடுக்கவில்லை. மழை ஓட்டில் விழுவது, பிறகு மெதுவாக விழுவது, பிறகு நின்று சொட்டுவது எல்லாம் கேட்டது. பிறகு அடுப்பை அணைத்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் தலையை ஒருமுறை அழுத்திவிட்டு, மாடிப்படி ஏறினாள்.

தெருவே மாடிகளில் குடையோடு நின்றது. காஜா பாய் தன் மாடியிலிருந்து கை விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், ஜெசிந்தா அக்கா துணிக்கூடை இல்லாமல் மாடிக்கு வந்ததைப் பார்த்ததும் கணக்கை விட்டுவிட்டார்.

"பாய், பத்து பத்துக்குக் கெளம்புனா எப்பப் போய்ச் சேரும்?" என்று அக்கா கேட்டாள்.

"நாலு நாப்பது." பாயின் குரல் இறங்கியிருந்தது. அஞ்சு மணிக்குக் கையெழுத்து என்பது தெருவுக்கே தெரியும். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா அது போற பேச்சுக்குத்தாம்மா. போ, இரு, சாப்பிடு, அதுக்கெல்லாம்தான் ஆறரை மணி. வான்னு கூப்பிட்டா அது வர்ற கணக்குல சேந்தது. ஒன்றரை மணியில போயிரும். என்ன பெர்பெத்து?"

நாலு மணி நேரம்தான், எந்த வார்த்தைக்கும் நாலு மணி நேரம்தான் என்று எனக்குத் தெரியும். "ஆமா பாய்," என்றேன். "ஒன்றரை மணிதான்."

பத்து பத்துக்கு ஓடுபாதை அதிர்ந்தது. சக்கரத்தில் நீர் தெறிக்க விமானம் எழுந்து, கம்பிவேலியைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேல் வந்தது. அன்றைக்கு வேறு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லா இடமும் அவளுக்கே இருக்கட்டும் என்பதுபோல இருபது மாடிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஜெசிந்தா அக்கா இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தாள். மூக்கில் இழுக்காத, கடைசி எழுத்தைக் கீழே போடாத, நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது:

"டேய் தைனிஸு! கையெழுத்துப் போட்டேன்னு வையி, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன், மரியாதயா வீட்டுக்கு வந்துர்றா!"

விமானம் போய்விட்டது. தெரு அப்படியே நின்றது. கட்டின புருஷனை, பெயரைச் சொல்லி, டேய் போட்டு, ஓடுபாதைக்கு மேலே. மேல்வீட்டு ஆச்சி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு பயம். ஏழு மாதமாக மாமாவுக்குத் தெரிந்த ஜெசிந்தா என்னுடைய ஜெசிந்தா, ஏங்க என்று கூப்பிட்டு முதுகுவலி விசாரிக்கிற ஜெசிந்தா. இது யாரோ என்று அவர் பேனா மூடியைத் திறந்துவிட்டால்? நான் கெடுத்துவிட்டேன். சரியாக நடிக்கத் தெரிந்த ஒரே குற்றத்துக்காக ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன்.

அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அம்மா என் வாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தாள், அவ்வளவு அமைதியாக இருந்தேனாம். அக்கா வாசலைப் பெருக்கினாள், திரும்பப் பெருக்கினாள், ஈரமண்ணைப் பெருக்கினாள். காஜா பாய் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு பத்துக்கு விமானத்தின் விளக்குகள் மேகத்தைக் கிழித்துக்கொண்டு தெரிந்தன. எங்கள் கொய்யா மரத்தடியில் தெரு முழுக்கக் கூடியிருந்தது, ஏனென்றால் மாமாவின் குரல் எப்போதும் அங்கேதான் விழும். விமானம் தாழ்ந்தது, பாத்திரங்கள் அதிர்ந்தன, யாரும் பிடிக்கவில்லை. குரல் கழன்றது, சுற்றிச் சுற்றி இறங்கியது, கொய்யா மரத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, முதன்முதலாக ஜெசிந்தா அக்காவின் முற்றத்தில், அவள் காலடியில் போய் விழுந்தது.

"பேனாவ எடுத்துட்டேன்டி ஜெசி, மூடியக் கழட்டல, ஒஞ் சத்தம் கேட்டுச்சு, அந்தக் கடதாசி மேலயே டீக்கிளாச வச்சுட்டு எந்திரிச்சுட்டேன், திங்கக்கெழம இந்த வண்டியிலயே ஏறிர்றேன்."

அக்கா முற்றத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் சுவர் ஏறிக் குதித்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். காஜா பாய், "நாஞ் சொல்லல? ஒன்றரை மணி!" என்று யாருக்கும் இல்லாமல் கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுக்குரல், புது வார்த்தை, டேய் என்று வேறு. எப்படி ஒரு நொடிகூடத் தயங்காமல் அவருக்குத் தெரிந்தது?

அப்போதுதான் இரண்டாவது மூச்சு வந்தது. அது நேராக வந்து எங்கள் கொய்யா மரத்தில், என் தலைக்கு மேலே இருக்கிற கிளையில் விழுந்தது.

"பெர்பெத்துப் பாப்பா, ஏழு மாசமா ஒருநா தவறாம விசாரிச்சியேம்மா, நல்லாரு, ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி அஞ்சு வருசம் ஒரே வகுப்புல படிச்சவ அவ, தெருவுல நாலு பேரு முன்னாலதான் ஏங்க, வீட்டுக்குள்ள என்னைய டேய்தான், கேட்டுட்டுப் பேசக்கூடாதா?"

நான் மரத்தைப் பார்த்தேன். தெருவைப் பார்த்தேன். காஜா பாய் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பங்குச் சாமியார் மூன்று முறை இருமினார். என் அம்மா, என்னைப் பெற்ற அம்மா, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள்.

அக்காவைப் பார்த்தேன். ஈரத்தில் உட்கார்ந்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர், தோள் குலுங்குகிறது, காலையில் தோசைக்கல் முன்னால் குலுங்கிய அதே குலுக்கல், இந்த முறை எனக்கு முகம் தெரிந்தது.

"மொத நாளேவா?" என்றேன். யார் குரலும் கலக்காமல், கீச்சென்று, என் சொந்தக் குரலில் வந்தது அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மொத நாளேதான்டி," என்று சொல்ல வாயைத் திறந்த அக்காவுக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை, அவளுக்காகத் தெருவே சொன்னது.